கப்பலேறாத உத்தியோகம்



உத்தியோகம் என்றால் நம்மவர்க்கு இன்றும் அரசாங்கக் கந்தோர்தான். சம்பந்தம் பேசும் இடத்தில் வேறெதையும் உத்தியோகமென்று ஒப்புவார்களோ என்பது ஐயமே. ஆயினும், அன்று மலாயாவுக்குக் கப்பலேறி றெயில்வேயிலும் கந்தோர்களிலும் லிகிதர்களாக அமர்ந்த நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். முன்னே போனவர் பின்னே வந்தவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். அறிமுகமே அவர்களது மூலதனம்.

அந்த லிகிதர் வேலையே இன்று இணையவழி உதவியாளர் தொழிலாக வீட்டுக்கு வந்திருக்கிறது. இலண்டனிலுள்ள சிறு வியாபாரி ஒருவரின் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுகிறோம். சந்திப்புகளைக் குறித்து வைக்கிறோம். எக்செல்லில் கணக்குப் பட்டியல் தயாரிக்கிறோம். அங்கே மாரிகாலத்தில் காலை 9 மணியெனில் இங்கே பிற்பகல் 2.30.

தொடக்கத்தில் அப்வேர்க் முதலிய தளங்களில் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினோம்; மறுமொழியில்லை. முதல் வேலை பள்ளித் தோழர் ஒருவரின் சிபார்சால் வந்தது. எக்செல் அரைகுறையாகவே தெரியும், இரவிரவாகக் கற்றோம். வேலை பிசகாமல் முடியவே, அவ்வியாபாரியே தம் நண்பருக்கு நம்மைச் சொன்னார். மூன்றாமவரும் அவ்வழியே வந்தார்.

இடையில், வேலை தருமுன் “பதிவுக் காசு” கேட்டவரிடம் ஏமாந்ததும் உண்டு. காசு கேட்பவர் எசமானர் அல்லர் என்பதை அன்று அறிந்தோம்.

ஓய்வூதியம் இதிலில்லை, சேமலாப நிதிக்குப் பணங்கட்ட எசமானருமில்லை. வரும்படியில் ஒரு பங்கை நாமே ஒதுக்க வேண்டும். பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி அதுவே. அது நியாயமான கேள்வி. எக்செல் பழக விரும்பும் வாலிபர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மைச் சந்திக்கலாம்.