எடைகளும் நிரல்தானா?



காப்புரிமைப் பத்திரத்தில் மதிப்புமிக்க பகுதி எது? படங்களல்ல, நீண்ட விளக்கமும் அல்ல. எண்ணிட்டு வருகின்ற உரிமைக்கோரல்கள்தாம். நிலத்துக்கு எல்லைக்கல் போன்றவை அவை. ஒரு நிபந்தனையைக் கூட்டினால் எல்லை சுருங்கும்; குறைத்தால் விரியும்.

செயற்கை நரம்பு வலைப்பின்னல் என்ற சொல் அங்கே நுழைந்ததும் சிக்கல் தொடங்கிவிடுகிறது. பிரிட்டனில் இமோஷனல் பெர்செப்ஷன் ஏஐ என்ற நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். கேட்பவர் மனத்தில் ஒரே விதமான உணர்வை எழுப்பும் பாடல்களை, அவற்றின் அளக்கக்கூடிய ஒலிப்பண்புகளைக் கொண்டே கண்டறிய ஒரு வலைப்பின்னலைப் பயிற்றுவித்தார்கள். ஆனால் அந்நாட்டின் 1977ஆம் ஆண்டுச் சட்டம், வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. அப்படியானால், பயிற்சி பெற்ற வலைப்பின்னல் நிரலா, இல்லையா?

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் "இல்லை" என்றது. மனிதன் எழுதிய கட்டளைப்படி அது இயங்கவில்லை, பயிற்சியில் தானே கற்றதன்படி இயங்குகிறது என்பது வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது!

2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. எடை என்றதும் தராசு நினைவுக்கு வரலாம். இங்கே எடை என்பது, ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செல்லும் மதிப்பைப் பெருக்கும் எண். பயிற்சி முடிந்ததும் அந்த எண்கள் நிலைத்துவிடும். தகவலைக் கையாளும் இயந்திரம் கணினி. அது என்ன செய்யவேண்டும் என்று சொல்வது நிரல். அந்த வேலையை எடைகள் செய்கின்றன. ஆகவே அவையும் நிரலே என்றது நீதிமன்றம். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. தமிழில் நிரல் என்றால் வரிசை என்றும் பொருள். எடைகளும் எண்களின் வரிசைதானே!

2026 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அது நிரல்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 2006 முதல் பின்பற்றப்பட்ட ஏரோடெல் சோதனையைக் கைவிட்டது. கோரலில் வன்பொருளும் இருப்பதால் அது வெறும் நிரலாகிவிடாது என்று கூறி, விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியது. நிறுவனம் உடனே காப்புரிமை பெற்றுவிடவில்லை. கதவு மட்டும் திறந்தது.

நம் மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 13ஆவது பிரிவில் கணினி நிரலைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. கணித முறைகளை விலக்குகிறது. ஆகவே இங்கே விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் வேறொரு கேள்விக்குத் தயாராக வேண்டும்: எடைகளைப் பெருக்கிக் கூட்டுவது வெறும் கணிதமா?