மொறுமொறுப்பும் கோதுமையும்

காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் பாதையிலுள்ள பாகாலா சந்திப்பில் ஒருநாள் வண்டிக்குக் காத்திருந்தோம். உடன் வந்த தங்கை மகன், எட்டு வயதுச் சிறுவன், மொறுமொறுப்பான சாக்லெட் ஒன்றைக் கேட்டான். அவனுக்குச் சீலியாக் நோய் உண்டு.

"அண்ணா, இதில் இருப்பது அரிசிப் பொரிதானே? வாங்கிக் கொடுங்கள்" என்றாள் தங்கை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இந்நோயாளரின் சிறுகுடலைச் சிதைக்கும். உண்ட சத்து உடலில் சேராது. குழந்தையின் வளர்ச்சி குன்றும். கோதுமையை விலக்கினால் குழந்தைகள் தேறுவதை ஹாலந்து மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டில் விளக்கினார். இன்றும் பத்தியமே இதற்கு மருந்து.

கொக்கோ, சர்க்கரை, பால் இவற்றில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. மொறுமொறுப்பைத் தரும் பொருளையே ஆராய வேண்டும். வேஃபர் தகடு பெரும்பாலும் கோதுமை மாவால் ஆவது. அரிசிப் பொரியிலும் சுவைக்காகப் பார்லி மால்ட் சேர்ப்பதுண்டு.

உறையைப் படித்தோம், 'பார்லி மால்ட்' என்றிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். சிறுவன் முகம் வாடிற்று.

நம் நாட்டில் 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. அக்குறிப்புள்ளதைத் தேடி வாங்குவதே நலம்.

அன்று வேர்க்கடலையும் வெல்லமும் மட்டுமே கண்ட கடலை மிட்டாய் வாங்கித் தந்தோம். அதுவும் மொறுமொறுவென்றே இருந்தது. இப்பொழுது எதை வாங்கினாலும், உறையை முதலில் படிப்பவன் அச்சிறுவனே.