முன் டயரும் பின் டயரும்

டயர் கடைகளில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது. பிக்கப் வண்டிக்காரர் வந்து நிற்பார். பின் டயர் இரண்டும் மொட்டையாகியிருக்கும், முன் டயர் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். "பின்னாடி ரெண்டுக்கு மட்டும் பட்டன் டயர் போட்டுடுங்கண்ணே. தோட்டத்துக்குள்ள சேத்துல இழுக்க மாட்டேங்குது. முன்னாடி பழசே இருக்கட்டும்" என்பார். கையில் இருக்கிற பணத்துக்கு அவர் கேட்பது நியாயமாகத்தான் படும். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி என்றால் கியர் பெட்டிக்குக் கேடில்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் அப்படி விட்டுவிட முடியாது. ஏன் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

தார், இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் சாதாரணமாகப் பின் சக்கரத்தில்தான் ஓடுகின்றன. சேறு, மணல், செங்குத்தான மண்பாதை வரும்போது ஃபோர் வீல் போடுகிறோம். அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற பெட்டி, முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்டையும் பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அதன் பிறகு இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் சுற்ற அது இடம் கொடுக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இந்த வண்டிகளில் அப்படி விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது.

முன் டயர் சின்னதாகவும் பின் டயர் பெரியதாகவும் இருந்தால், ஒரே ஒரு சுற்றில் இரண்டும் கடக்கும் தூரம் வேறு வேறு. சாமி பல்லக்கின் தண்டை முன்னால் பிடித்தவர் குட்டையாக அடி வைக்க, பின்னால் பிடித்தவர் எட்டி நடந்தால், அந்த இழுபறி முழுவதும் தண்டில்தான் ஏறும். வண்டியில் அந்தத் தண்டு டிரான்ஸ்ஃபர் கேஸும் இரண்டு ஷாஃப்டுகளும்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020-இல் வந்த தாரில் ஒரு வகைக்கு 245/75 ஆர் 16 டயர், இன்னொரு வகைக்கு 255/65 ஆர் 18 டயர். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் முதல் டயரின் உயரம் சுமார் 774 மில்லிமீட்டர், இரண்டாவது 789. வித்தியாசம் வெறும் 15 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நாலரை சென்டிமீட்டருக்கு மேல் தூரம் மாறும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு டயர் மற்றதைவிட ஏறக்குறைய 8 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். பூட்டிய ஷாஃப்ட் அதை விடாது. ஒரே நிறுவனம் ஒரே மாடலுக்குக் கொடுக்கும் இரண்டு டயர்கள்தான் இவை. ஆனாலும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று போட்டு ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது.

இதற்கு நேர் எதிரான கணக்கும் உண்டு. ஹைலக்ஸுக்கு வரும் 265/65 ஆர் 17, 265/60 ஆர் 18 என்ற இரண்டு அளவுகளின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. அதனால் டயர் மேல் எழுதிய எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே எண் போட்ட டயர்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும்.

தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ரோட் டயரில் பட்டனின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். 1.6-க்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும், டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு அதைத்தான் காட்டுகிறது. அப்படியானால் புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வந்துவிடும். தார் கணக்கில் பார்த்தோமே, ஏறக்குறைய அதே அளவு. ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று நம்பி இரண்டை மட்டும் புதிதாக மாற்றியவரும் இந்தச் சிக்கலில் மாட்டுகிறார்.

சேற்றில் இது பெரிதாகத் தெரியாது. ஏதோ ஒரு டயர் வழுக்கி, ஏறிய முறுக்கை இறக்கிவிடும். காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது. ஸ்டியரிங் கனக்கும், வளைவில் வண்டி முக்கும், டயர் அரைபடும். ஃபோர் வீல் லிவரை எடுக்கப் போனால் வராது. அப்போது லிவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு இறங்கி லிவர் வந்துவிடும். இதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் ஜாயின்ட் போகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் போகும். நாலு டயரின் விலையைவிடப் பெரிய செலவு அது. நாலு டயரும் ஒன்றாக இருந்தாலும் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன என்பதே அதற்குக் காரணம்.

இங்கே விவசாயி ஒருவர் கேட்கலாம்: "டிராக்டர்ல முன்னாடி சின்னது, பின்னாடி பெருசுதானே?" சரியான கேள்வி. ஃபோர் வீல் டிராக்டரில் அந்த இரண்டு அளவுக்கும் ஏற்றபடி ஆலையிலேயே பல் சக்கரங்களின் விகிதத்தை அமைத்திருக்கிறார்கள். முன் சக்கரம் சற்று முந்தி, 1 முதல் 5 சதவீதம் வரை, இழுக்கும்படி வைத்திருப்பார்கள். அதனால் டிராக்டரிலும் ஒரு ஜோடியை மட்டும் வேறு அளவுக்கு மாற்றினால் அந்த விகிதம் கெட்டுவிடும்.

அடுத்து, அளவு ஒன்றாக இருந்து ரகம் மட்டும் வேறாக இருந்தால்? கியர் பெட்டி தப்பிக்கும், ஆனால் மழையில் வண்டியின் போக்கு மாறும். முன்னால் நல்ல ரேடியல், பின்னால் பழைய நைலான் டயர் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான கலப்பு. பிரிட்டனில் அதைச் சட்டமே தடுக்கிறது. காலி பிக்கப்பின் பின்பக்கம் எடை குறைவு. வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ மழையில் இறங்கும்போது பின் டயர் பிடியை விட்டால் வண்டி சுழன்றுவிடும், திருப்பிப் பிடிக்க நேரம் இருக்காது. முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டு டயர் மட்டும் வாங்கியே தீர வேண்டும் என்றால் நல்ல ஜோடி பின்னால் போகட்டும். ஒரே அச்சில் இடதும் வலதும் வேறு வேறாக ஒருபோதும் போடாதீர்கள்.

நாலு டயர் ஒரே நேரத்தில் வாங்குவது எல்லோராலும் முடியாது, தெரியும். அதற்கு வழி, வாங்கிய நாளிலிருந்தே 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுவது. ஸ்டெப்னியும் அதே அளவு என்றால் அதையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்தே தேயும். சந்தேகம் வந்தால் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, காற்றழுத்தம் சரியாக வைத்து, ஒரே ஒரு சுற்று வண்டியைத் தள்ளி, டேப்பால் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு வர வேண்டும்.

பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து நாலு டயரின் பக்கச் சுவரையும் படியுங்கள். முன்னும் பின்னும் வேறாக இருந்தால், தெரிந்த மெக்கானிக்கை வைத்து டிரான்ஸ்ஃபர் கேஸைச் சோதித்த பிறகே விலை பேசுங்கள்.