குடலின் சேதி சிறுநீரில்



இன்றைய பேச்சு சிறுநீரைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். கூச்சப்படவும் வேண்டாம். தினமும் ஐந்தாறு முறை கழிக்கிற நீர்தான். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் குடலுக்குள் நடப்பதில் கொஞ்சம் அதில் தெரியும்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி, சிறுநீருக்கு வேறு வழி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ரத்தம் இருக்கிறது. ரொட்டியும் சோறும் பருப்பும் குடலில் செரிக்கின்றன. அதன் சத்து ரத்தத்தில் சேருகிறது. குடலில் உண்டாகும் கழிவு சிலவும் ரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுகிறது. வேண்டாததைச் சிறுநீரில் தள்ளுகிறது.

குடலில் ஒரு பெரிய கூட்டம் குடியிருக்கிறது. அவைதான் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். கோடிக்கணக்கில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. பெருங்குடலில்தான் அதிகம். கிருமி என்றாலே நோய் என்று பயப்பட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. அளவு மாறினாலும் இடம் மாறினாலும்தான் தொல்லை.

பீகாரில் சம்பரான் என்று ஓர் இடம் உண்டு. வெள்ளைக்கார முதலாளிகள் அங்கே குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிட வைத்தார்கள். 1917இல் காந்தியடிகள் அங்கே போய்ப் போராடினார். அவுரி இலையிலிருந்து நீலச் சாயம் எடுப்பார்கள். அதே நீலம் மனிதரின் சிறுநீரிலிருந்தும் வரும் என்றால் நம்புவீர்களா?

வரும். பருப்பு, பால், முட்டை, மீன், கறி இவற்றில் புரதம் இருக்கிறது. புரதம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியா அதைச் சிதைக்கும். அப்போது ஒரு கழிவு உண்டாகும். அது ரத்தத்தில் சேரும். கல்லீரல் அதை மாற்றிவிடும். கடைசியில் சிறுநீரில் வெளியேறும். இதற்கு இண்டிகான் என்று பெயர். பரிசோதனைக் கூடத்தில் சிறுநீரோடு அமிலமும் வேறு மருந்தும் சேர்ப்பார்கள். இண்டிகான் நிறைய இருந்தால் நீலம் தெரியும்.

எல்லார் சிறுநீரிலும் இது கொஞ்சம் உண்டு. குடல் அடைத்தால் அதிகமாகும். மலச்சிக்கல் இருந்தாலும் அதிகமாகலாம். சிறுகுடலில் பாக்டீரியா பெருகினாலும், புரதம் சரியாகச் செரிக்காவிட்டாலும் அதிகமாகும். ஆனால் முந்தின நாள் கறிச்சோறு நிறையச் சாப்பிட்டவருக்கும் அதிகமாகலாம்! அவருக்கு ஒரு நோயும் இருக்காது. அதனால் இந்தச் சோதனை ஒன்றை நம்பி மருத்துவர்கள் முடிவு சொல்வதில்லை. மலத்தைச் சோதிக்கிறார்கள். மூச்சுக் காற்றைச் சோதிக்கிறார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

குடலில் அழுகும் கழிவுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 100 ஆண்டுக்கு முன் லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்று பேர் பெற்ற மருத்துவர் இருந்தார். மலச்சிக்கல் உள்ளவர்களின் பெருங்குடலையே அவர் வெட்டி எடுத்தார்! அந்த எண்ணம் தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் சிறுநீரை மட்டும் பார்த்தே குடலின் குறையெல்லாம் சொல்வதாக இன்றும் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பணத்துக்குப் பழமும் கீரையும் வாங்கலாம்.

சில வீடுகளில் முதியவர் படுக்கையிலேயே இருப்பார். குழாய் போட்டு, சிறுநீர் பையில் இறங்கும். ஒரு நாள் அந்தப் பை கத்தரிப்பூ நிறமாகிவிடும். வீட்டார் கலங்கிப்போவார்கள். செய்வினை என்றுகூடச் சொல்வார்கள். இதுவும் அந்த இண்டிகான் வேலைதான். முதியவருக்கு மலச்சிக்கல் இருக்கும். குழாயில் கிருமி சேர்ந்திருக்கும். அந்தக் கிருமி இண்டிகானை நீலமாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. இரண்டும் கலந்தால் ஊதா. நர்சிடம் சொல்லிக் குழாயை மாற்ற வேண்டும். மலச்சிக்கலுக்கு மருந்து கேட்க வேண்டும். காய்ச்சலோ மயக்கமோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, சிறுநீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது? அதுவும் பாக்டீரியாவின் வேலைதான். ரத்தத்தின் சிவப்பு அணு சுமார் 120 நாள் வாழும். பிறகு உடையும். அப்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வரும். கல்லீரல் அதைப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். அங்கே பாக்டீரியா அதை மாற்றும். அதில் ஒரு பங்கு சிறுநீருக்கு மஞ்சள் நிறம் தருகிறது. மீதி மலத்துக்குப் பழுப்பு நிறம் தருகிறது. பாக்டீரியா எதைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது? அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டு சொன்னது 2024இல்தான்.

தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் மஞ்சள் கூடும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டாலும் கூடும். காசநோய் மாத்திரை ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும். அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பயப்பட வேண்டியது வேறொன்று. பித்தநீர் குடலுக்கு வராமல் அடைபட்டால், பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. மலம் சுண்ணாம்பு போல வெளுக்கும். பிலிருபின் நேராக ரத்தத்தில் ஏறும். சிறுநீர் டீத்தண்ணீர் போலக் கறுக்கும். பெரியவர்களுக்கு இப்படி வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு இன்னும் அவசரம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்குப் பிறகும் கண் மஞ்சளாக இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அதோடு மலம் வெளுத்துப் போனாலோ, துணியில் சிறுநீர் மஞ்சள் கறையாகப் படிந்தாலோ ஒரு நாளும் தள்ளக் கூடாது. பித்தக் குழாய் அடைத்திருக்கலாம். இதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் குழந்தை தேறும் வாய்ப்பு அதிகம். மந்திரித்து, வேர் கட்டி, வெயிலில் காட்டிக் காத்திருந்தால் அந்த 60 நாள் ஓடிவிடும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கும். கொழுகொழு என்றும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள்.

பல மாநிலங்களில் ஆஷா ஊழியர் வீட்டுக்கு வருகிறார். குழந்தை பிறந்த 14, 21, 28, 42ஆம் நாட்களில் வருவார். அன்று குழந்தையின் துணியைத் துவைத்துவிடாதீர்கள். அவரிடம் காட்டுங்கள்.