சேற்றின் எடையில் இறங்கும் கார்பன்



சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பதற்கு முன் வெள்ள எச்சரிக்கையாகச் செய்தியில் வாசிக்கும் ஊர்வரிசை இது. ஏரியின் முழு உயரம் 24 அடி. 22ஐத் தொட்டாலே நம் பக்கத்தில் பேச்செல்லாம் மதகைப் பற்றித்தான். உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து கடலுக்குப் போய்விட்டால் நமக்கு நிம்மதி. போன கலங்கல் நீர் கடலில் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்குக் கேட்போம்.

கடலில் வெயில் இறங்கும் ஆழம் வரை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இவற்றின் வேலை. நீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்து, அதிலுள்ள கார்பனைத் தம் உடம்பாக்கிக்கொள்கின்றன. பொடி உயிரினங்கள் இவற்றைத் தின்னும். செத்த பாசி, தின்றவற்றின் எச்சம், உதிர்ந்த ஓடு, சளி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் துணுக்குகளாகி மெதுவாகக் கீழே இறங்கும். 'கடல் பனி' என்பார்கள் விஞ்ஞானிகள்.

இறங்குகிற வழியெல்லாம் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவை தின்னத் தின்ன, கார்பன் மறுபடியும் கரியமில வாயுவாகி நீரில் கலக்கும். வெயில் படும் பகுதியிலிருந்து கிளம்பியதில் ஆயிரம் மீட்டர் தாண்டுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். தரையில் புதைவது அதிலும் சொற்பம். ஆனால் புதைவது மட்டுமே கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அவ்வளவு ஆழத்துக்குப் போன கார்பன் அங்கே வாயுவாகக் கரைந்தாலும்கூட, அந்த நீர் மறுபடி மேலே வந்து காற்றைத் தொடப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஆகவே எவ்வளவு பாசி வளர்ந்தது என்பதைவிட, எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் வங்கக் கடல் விசித்திரமான ஒரு பதில் வைத்திருக்கிறது.

பாசி வளர்ச்சியில் அரபிக் கடலுக்கு முன்னால் வங்கக் கடல் ஏழை. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கி, ஆழத்துச் சத்துகளை மேலே கொண்டுவந்துவிடும். இங்கே கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் கொட்டும் நன்னீரும் மழைநீரும் உப்புக் குறைந்த, எடை குறைந்த ஒரு அடுக்காகப் படர்ந்து நிற்கின்றன. காற்று எவ்வளவு அடித்தாலும் கீழ்நீர் எளிதில் மேலே வராது. பாசி குறைந்தால் இறங்கும் கார்பனும் குறையத்தானே வேண்டும்?

1987ல் கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து வங்கக் கடலுக்குள் பொறிகளை இறக்கின. பெரிய புனல், அதன் அடியில் தானாக மாறிக்கொள்ளும் குப்பிகள். மேலிருந்து விழுவதை மாதக்கணக்கில் சேகரித்துப் பார்த்தார்கள். வேணுகோபாலன் இட்டெக்கோட்டும் சக ஆய்வாளர்களும் 1991ல் 'நேச்சர்' இதழில் முடிவை எழுதினார்கள். ஆறுகளில் வெள்ளம் வரும் காலத்தில்தான் கீழே விழுவதும் கூடுகிறது. காரணம், ஆறு கொண்டுவரும் களிமண். பாசித் துணுக்கோடு அது ஒட்டிக்கொண்டு எடை கூட்டுகிறது. பிளாஸ்டிக் வாளியைக் கிணற்றில் விட்டால் மிதந்துகொண்டே இருக்கும். பிடியில் ஒரு கல்லைக் கட்டினால் முங்கிவிடும். அதே கதைதான். வேகமாக இறங்கினால் பாக்டீரியாக்களுக்குத் தின்ன நேரமும் குறைவு.

இமயமலையிலிருந்து வரும் வண்டல், வங்கக் கடலின் தரையில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் படிந்து கிடக்கிறது. உலகிலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான். மலைக்காட்டு இலைதழையின் கார்பனும் இந்த மண்ணோடு வந்து புதைகிறது. அப்படி வருவதில் வழியில் சிதைந்து வீணாவது மிகச் சொற்பம், பெரும்பங்கு பத்திரமாகப் புதைந்துவிடுகிறது என்று 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது.

நம் அடையாறு இதில் பெருமை கொண்டாட முடியாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டல் கொண்டுவருகின்றன. அதற்கு முன் அடையாறு ஒரு கைப்பிடி. ஏரிக்கு வரும் வண்டலிலும் பெரும்பங்கு ஏரிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு தூர்வார டெண்டர் விடுகிறோம். பெரிய அணைகளிலும் இதேதான் நடக்கிறது. அணைகளுக்குப் பிறகு கிருஷ்ணா கடலுக்குக் கொண்டுவரும் வண்டல் மிகவும் குறைந்துவிட்டது. அணை கட்டும்போது பாசனமும் மின்சாரமும் கணக்கில் வருகின்றன. கடலுக்குப் போகாமல் போன சேற்றை யாரும் நஷ்டத்தில் எழுதுவதில்லை.

சேறு இல்லாமல் பாசியை மட்டும் வளர்த்தால் கார்பன் இறங்குமா? 2009 தொடக்கத்தில் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் தென்பெருங்கடலுக்குப் போனார்கள். 'லோஹாஃபெக்ஸ்' என்பது அந்தச் சோதனையின் பெயர். சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாசிக்கு உரமாக இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டார்கள். பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு. ஆகவே கண்ணாடி ஓடு கட்டும் டயாட்டம் பாசிகள் பெருகவில்லை. வளர்ந்தவை மெல்லுடல் பாசிகள். அவற்றையும் பொடி உயிரினங்கள் தின்று தீர்த்தன. ஆழத்துக்குப் போன கார்பன் சொல்லும்படி கூடவே இல்லை. ஓடும் இல்லை, மண்ணும் இல்லை, எடை எங்கிருந்து வரும்?

கடலில் பாசி வளர்த்துக் கார்பனைப் புதைக்கிறோம், முதலீடு செய்யுங்கள் என்று நாளைக்கு யாராவது உங்களிடம் வரலாம். எத்தனை டன் வளர்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை மீட்டர் இறங்கியது, அளந்தது யார் என்று கேளுங்கள்.