கிணற்றை மூடுவதும் ஒரு வேலைதான்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நேயர்களுக்கும் நினைவிருக்கும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அதற்குக் காரணமான மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

எண்ணெய் கசிந்த இடங்களில் நிலத்தடி நீரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒடுங்கிய கண்காணிப்புக் கிணறுகள் தோண்டுவார்கள். வேலை முடிந்ததும் அவற்றை என்ன செய்வது? நம்மவர் கை முதலில் போவது மண்வெட்டிக்குத்தான். நாலு கூடை மண் கொட்டினால் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் ஒடுங்கிய குழாயில் மண் பாதி வழியில் சிக்கி நின்றுவிடும். மேலே பார்த்தால் நிரம்பியிருக்கும், கீழே பொந்து. அடுத்த மழையில், நிலத்தில் மிச்சமிருக்கும் டீசலுக்கு அதுவே ஆழத்து நீருக்கு இறங்கும் படிக்கட்டு.

அதனால் முதலில் ஆழத்தை அளக்கிறார்கள். பிறகு மெல்லிய குழாய் ஒன்றை அடிவரை இறக்கி, சீமெந்தும் பென்டோனைட் என்ற களிமண்ணும் கலந்த குழம்பை அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்றுகிறார்கள். நீரில் ஊறினால் உப்புகிற களிமண் அது. வெளியே தள்ளப்படும் அழுக்கு நீரை வயலில் விடாமல் பீப்பாயில் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இதன் கணக்கு. கிணற்றின் கொள்ளளவைவிடக் குறைவான குழம்பிலேயே நிரம்பிவிட்டதா? உள்ளே எங்கோ பொந்து இருக்கிறது. மறுநாள் குழம்பு கொஞ்சம் அமர்ந்திருக்கும். மீண்டும் ஊற்றித்தான் மூடுவார்கள்.