செலவைக் கணக்குப் பார்ப்போம்

(ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் கொடுத்த செய்தி)



இங்கிருந்து ஒரகடம் வரை எத்தனை தொழிற்சாலைகள்! செலவைக் கணக்குப் பாராமல் எந்தக் கம்பெனியும் அஸ்திபாரம் போடுவதில்லை. சீஷனாக விரும்புகிறவனும் அப்படியே கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14).

நம்மில் பலருக்கு அந்தச் செலவு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டினால் வரும் சங்கடம், அல்லது நண்பர்களின் கேலி. தலித் குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவருக்கோ, அது சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே கொடுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. ஆனால் தனித்தொகுதியான இதே ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியில், கிறிஸ்தவர் என்று அறிக்கையிடும் தலித் சகோதரர் வேட்பாளராக நிற்க முடியாது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. அத்தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. கிறிஸ்தவரான அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை நீடிக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் மனு தள்ளுபடியானது.

பிரியமானவர்களே, ஆதாரம் நம்மிடமே இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காகச் சுவர் எழுப்பிய சபை நம் தமிழ்நாட்டில்தான் உண்டு. அரசாங்கம் ஒரு பக்கம் விலை கேட்கிறது. சபை இன்னொரு பக்கம் கேட்கிறது. ஏழைச் சகோதரன் இரண்டையும் செலுத்துகிறான்.

ஆகவே சிலர் ஆலயத்தில் ஒரு பெயரும் தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயருமாக வாழ்கிறார்கள். ஆலயத்துக்குப் போய்க்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அப்படி. அவர்களுடைய விசுவாசம் குறைவு என்று நாம் பேச வேண்டாம். வெளிப்படையாக அறிக்கையிட்டால் அவருடைய மகளின் நர்சிங் படிப்புக்கு யார் துணை நிற்பார் என்று முதலில் கேட்போம்.

உங்கள் சபையில் அப்படி ஒரு குடும்பம் உண்டா? அந்தப் பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பந்தியில் உட்காருங்கள். உங்கள் காணிக்கையோடு இதையும் ஆண்டவருக்குப் படைக்கும்படி அன்போடு வேண்டுகிறோம். சிலுவையை ஒருவரே சுமக்கும்படி நாம் விட்டுவிடாதிருக்க, கர்த்தர் நமக்கு உதவிசெய்வாராக. ஆமென்.